‘பட்டம் தேவையில்லை’ என்றார்கள்: 120 மணி நேர டெஃபல் படிப்பும் கூடவே வந்த வேலை உதவியும்

இந்த விமர்சனத்தை எழுதச் சொன்னதே, ஆங்கில ஆசிரியர் ஆவதற்கான இணையப் படிப்பை எனக்கு விற்ற அந்த நிறுவனம்தான். ‘எங்கள் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கள், அடுத்த படிப்புக்கு 20 சதவீதம் தள்ளுபடி’ என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்னஞ்சல் வருகிறது. நாலு வார்த்தையில் அடங்குகிற விஷயம் இல்லை இது. தள்ளுபடியும் எனக்கு வேண்டாம். நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இப்படிப் பத்துப் பதினைந்து கடைகள் இணையத்தில் இருக்கின்றன. நீங்கள் எதில் மாட்டினாலும் நான் சொல்வது முக்கால்வாசி பொருந்தும்.

நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு நிறுத்தியவள். ஏன் என்பது வேறு கதை. அதன் பிறகு ஆறு வருடம் கால் சென்டரில் இரவுப் பணி. முகம் தெரியாதவர்களின் கிரெடிட் கார்டுப் புலம்பலை ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்திலேயே சமாதானம் சொல்லிச் சொல்லி, அந்த மொழி நாக்கில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. பேச வரும், சான்றாகக் காட்டக் காகிதம் இல்லை. 2023-ல் ஒரு நாள் விடியற்காலை, பணி முடிந்து வண்டிக்குக் காத்திருந்தபோது போனில் அந்த விளம்பரம் வந்தது. ‘டிகிரி தேவையில்லை. முன் அனுபவம் தேவையில்லை. வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் ஆகுங்கள்.’ பக்கத்தின் உச்சியில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 70 சதவீதச் சலுகை முடிய இன்னும் 3 மணி 12 நிமிடம்தான் இருக்கிறதாம். எனக்கென்றே நேரம் பார்த்து வந்த மாதிரி தோன்றியது. வண்டி வருவதற்குள் பணம் கட்டிவிட்டேன்.

முதலில் டெஃபல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் கட்டும்போது எனக்கே சரியாகத் தெரியாது. ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிப்பது என்ற தொடரின் சுருக்கம் அது. அது ஒரு துறையின் பெயர், ஒரு குறிப்பிட்ட பட்டயத்தின் பெயர் அல்ல. உலகம் முழுக்க இதற்கென்று அதிகாரம் பெற்ற ஒரே வாரியம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு படிப்பை உருவாக்கி, அதன் தலையில் ‘120 மணி நேரம்’ என்று எழுதிக்கொள்ளலாம். வேலை விளம்பரங்கள் 120 மணி நேரச் சான்றிதழ் கேட்பதால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். நான் பணி முடிந்து வந்து, தினம் தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, 19 நாளில் முடித்தேன். கணக்குப் போட்டால் 38 மணி நேரம். மீதி 82 மணி நேரம் எங்கே போனது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

படிப்பு எப்படி? பாதிக்குப் பாதி. பாடங்கள் எல்லாம் நீளமான எழுத்துப் பக்கங்கள், நடுநடுவே சிரித்தபடி பேசும் ஆசிரியர்களின் வீடியோ, முடிவில் பத்துக் கேள்விகள். தவறாகச் சொன்னால் திரும்ப எழுதலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். குழந்தை உளவியல் பற்றிய பகுதியை நான் வாசிக்கவே இல்லை, மூன்றாவது முயற்சியில் பத்துக்குப் பத்து வாங்கினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எனக்கும் சரி, அவர்களுக்கும் சரி.

இலக்கணப் பகுதி மட்டும் எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. ஆங்கிலம் பேசத் தெரிவதும், ஏன் அப்படிப் பேசுகிறோம் என்று சொல்லத் தெரிவதும் வேறு வேறு. ‘ஐ லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதற்கும் ‘ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஆறு வருடம் ஆங்கிலத்தில் பிழைத்த நான் திருதிருவென்று விழித்திருப்பேன். விளக்கம் சொல்லாதே, கேள்வி கேள் என்கிறது பாடம். ‘இவர் இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா?’ முதல் வாக்கியத்துக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம். அவ்வளவுதான். இந்த மாதிரிக் கேள்விக்கு சி.சி.க்யூ., அதாவது கருத்து புரிந்திருக்கிறதா என்று சோதிக்கும் கேள்வி என்று பெயர். ‘புரிந்ததா?’ என்று மட்டும் வகுப்பில் கேட்கவே கூடாது, எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள் என்று ஒரு வரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நானே வருடக்கணக்காகத் தலையாட்டியவள்தானே, சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் பாடத்திட்டம் எழுதும் பயிற்சி. கட்டிய பணத்துக்குத் தகுந்த பொருள் என்று நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். 45 நிமிட வகுப்புக்கு, ‘ஹேவ் யு எவர்’ என்று தொடங்கும் கேள்விகளைக் கற்பிக்க ஒரு திட்டம் எழுத வேண்டும். எத்தனை நிமிடம், என்ன செய்கிறோம், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கட்டம் கட்டமாக. நான் எழுதி அனுப்பினேன். ‘மாணவர்களுக்கு விதியை விளக்குதல், 8 நிமிடம். எடுத்துக்காட்டுகள் சொல்லுதல், 6 நிமிடம்.’ இந்த ரீதியில்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. கணினி திருத்திய தாள் இல்லை, மனிதர் திருத்தியது. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் சிவப்பில் ஒரே கேள்வி: ‘இந்த நேரத்தில் மாணவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?’ எட்டு நிமிட விளக்கத்துக்குப் பக்கத்தில், ‘கேட்டுக்கொண்டிருக்கிறார்.’ ஆறு நிமிட எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தில், ‘இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.’ கடைசியில் கூட்டல் கணக்கு. 45 நிமிடத்தில் நான் பேசுவது 31 நிமிடம். மீதி 14 நிமிடத்தை 20 மாணவர்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு நிமிடம்கூட வராது. ‘மொழி கற்க வந்தவர்கள் அவர்கள், நீங்கள் இல்லை’ என்று முடித்திருந்தார். முகம் சிவந்துவிட்டது. மூன்று முறை திருத்தி எழுதினேன். மூன்றாவது முறை நான் பேசும் நேரம் 12 நிமிடமாக இறங்கியபோது, ஒரே ஒரு சரிக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் யார் என்று தெரியாது. இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம் மட்டும்தான் இருந்தது.

ஆனால் அத்தனையும் காகிதத்தில். உயிருள்ள ஒரு மாணவர் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காமலேயே எனக்கு ‘ஆசிரியர்’ சான்றிதழ் வந்துவிட்டது. நீச்சல் புத்தகத்தை முடித்ததற்குப் பதக்கம் கொடுத்த மாதிரி. பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது, கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்ட்டா என்ற படிப்பும் 120 மணி நேரம்தான், ஆனால் அது பயிற்றுநரோடு செலவழிக்கும் நேரம். முழுநேரமாகப் படித்தால் நாலு வாரம். அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். டிரினிட்டி நிறுவனத்தின் சான்றிதழிலும் அதே 6 மணி நேரம் உண்டு. செல்ட்டாவில் சேரவும் பட்டம் கட்டாயமில்லை. கல்லூரியில் சேரும் அளவுக்குப் படிப்பும், நேர்முகத்தில் தேறும் ஆங்கிலமும் போதும். இப்போது இணைய வழியிலும் நடக்கிறது. கட்டணம் நான் கட்டியதைப்போலப் பல மடங்கு, அதை மறைக்க முடியாது. வேலை விட்டு நாலு வாரம் ஒதுக்க முடிகிறவர்கள் யோசிக்காமல் அதற்குப் போகலாம். முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு வருடம் பணம் சேர்த்துவிட்டு நானும் அதற்குத்தான் போயிருப்பேன்.

சரி, படிப்பை விடுங்கள். நான் பணம் கட்டியது படிப்புக்காக மட்டும் இல்லை. ‘வாழ்நாள் முழுக்க வேலைவாய்ப்பு உதவி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த உதவி இரண்டு உருப்படி. ஒன்று, 64 பக்கக் கையேடு. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் ஒரு ஆலோசகர்.

கையேட்டைத் திறந்ததும் நாடு நாடாகக் கொடிப்படம், கடற்கரைப் படம், ‘சிறந்த வாய்ப்புகள்’ என்ற ஒரு பத்தி. பக்கம் 41-ல், வீட்டிலிருந்தே சீனக் குழந்தைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்தலாம் என்று ஏழெட்டு நிறுவனங்களின் பட்டியல். நான் வரிசையாக எல்லா இணைப்பையும் சொடுக்கினேன். பாதி திறக்கவில்லை, திறந்தவற்றிலும் ஆள் எடுக்கும் பக்கம் இல்லை. காரணம் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. 2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சித் தொழிலுக்குக் கடிவாளம் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்து அங்குள்ள குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதையும் தடுத்துவிட்டது. அந்தச் சந்தை ஒரே மூச்சில் படுத்துவிட்டது. நான் கையேடு வாங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்த நிறுவனங்களில் பெரிதான விப்கிட் தன் காலத்திலேயே பட்டம் கேட்ட நிறுவனம் என்பது தனி வேடிக்கை.

கையேட்டின் பெரிய குறை பழசாய்ப் போனது அல்ல. பட்டம் கேட்பது யார் என்பதை அது ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம்தான் கேட்கிறது, நன்றாகப் பேசி முதல்வரின் மனதை மாற்றிவிடலாம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான நாடுகளில் முதல்வர் விரும்பினாலும் முடியாது. கேட்பது குடியேற்றத் துறை. தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான ஈ-2 விசாவுக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். அது போதாதென்று, பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அந்த வழி. வெளிநாட்டவரைப் பள்ளி உதவி ஆசிரியர்களாக எடுக்க ஜப்பான் அரசு 1987 முதல் நடத்தும் ஜெட் திட்டத்துக்கும் பட்டம் வேண்டும். சீனாவிலும் பட்டம், கூடவே ஆங்கிலம் தாய்மொழியான நாட்டின் பாஸ்போர்ட். வியட்நாமில் பட்டம், கற்பித்தல் சான்றிதழ் இரண்டையும் முறையாக அத்தாட்சி வாங்கி வைத்தால்தான் பணி அனுமதி. தாய்லாந்தில் பட்டம் இல்லாமல் பள்ளி ஆசிரியராகச் சட்டப்படி நிற்பது நடக்கிற காரியம் இல்லை.

ஆக, கதவில் இரண்டு பூட்டு. ஒன்று பட்டம், இன்னொன்று பாஸ்போர்ட். விளம்பரம் முதல் பூட்டைப் பற்றி மட்டும் பேசும். ‘டிகிரி இல்லாமல் 60 நாடுகள்’ என்று யாராவது எழுதியிருந்தால், எழுதியவரின் பாஸ்போர்ட் எது என்று முதலில் பாருங்கள். ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் தரும் ‘வொர்க்கிங் ஹாலிடே’ விசா அருமையான வழிதான், பெரும்பாலும் பட்டம் கேட்பதில்லை, வயது வரம்பும் அநேகமாக 18 முதல் 30 வரை. ஆனால் அது ஒப்பந்தம் செய்துகொண்ட நாட்டுக்காரர்களுக்கு மட்டும். செக் நாட்டில் ‘ஷிவ்னோ’ என்று ஒரு தொழில் உரிமம் எடுத்துத் தனி ஆசிரியராக வேலை செய்யலாம், அதற்கும் பட்டம் வேண்டாம். விசா வாங்குகிற வேலை மட்டும் உங்கள் தலையில். மெக்சிகோ, குவாத்தமாலா, ஈக்வடார் போன்ற நாடுகளின் மொழிப் பள்ளிகள் பட்டத்துக்காக அடம் பிடிப்பதில்லை. விமானச் சீட்டின் விலையைப் பார்த்துவிட்டு நான் அந்தப் பக்கத்தை மூடினேன்.

மிஞ்சியது கம்போடியா. இங்கேதான் அந்த வாட்ஸ்அப் ஆலோசகர் வருகிறார். ‘ஹாய் டியர்’ என்று தொடங்குவார், எந்த நேரத்தில் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில் வரும், அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. கம்போடியாவுக்கு எந்த விசாவில் போவது என்று கேட்டேன். ‘டூரிஸ்ட் விசாவில் போங்கள் டியர், வேலை கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம்’ என்றார். நம்பிப் போயிருந்தால் அழுதிருப்பேன். கம்போடியாவின் சுற்றுலா விசா ‘டி’ வகை, 30 டாலர். ஒரே ஒரு முறை, ஒரு மாதம் நீட்டிக்கலாம், அதற்கு மேல் வெளியேற வேண்டியதுதான். வேலைக்குப் போகிறவர்கள் எடுக்க வேண்டியது ‘ஈ’ வகை, 35 டாலர். அதைத்தான் உள்ளே போனபின் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டிக்க முடியும். வித்தியாசம் ஐந்து டாலர், ஒரு எழுத்து. பணத்தை வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிற ஒருவருக்கு இந்த ஒரு எழுத்து தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குச் சொன்னது அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் ஆசிரியை. இலவசமாக. எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் விசா ஒரே மாதிரி கிடைப்பதில்லை, ஆகவே தூதரகத்தில் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். விசா தவிர, தொழிலாளர் அமைச்சகத்தின் பணி அனுமதி அட்டை தனி. அதை யார் எடுத்துத் தருவது, பள்ளியா நானா என்பதை வேலைக்குச் சேரும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னதும் அவரே.

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு டெலிகிராமில் ஒரு வாய்ப்பு வந்தது. ஆங்கிலம் தெரிந்தால் போதும், படிப்பு வேண்டாம், 1,500 டாலர் சம்பளம், விமானச் சீட்டு அவர்கள் செலவு, தங்குமிடம் உள்ளேயே. என்ன வேலை என்று கேட்டால் ஒரு நாள் ‘டீச்சர்’, அடுத்த நாள் ‘டைப்பிங்’. பள்ளியின் பெயர் கேட்டதும் பேச்சு நின்றது. கம்போடியாவிலும் மியான்மரிலும் இப்படி ஆட்களை வரவழைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி வேலையில் அடைத்து வைக்கும் வளாகங்கள் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. நிஜமான பள்ளிக்கு ஒரு முகவரி இருக்கும், வரைபடத்தில் கட்டடம் இருக்கும், பெற்றோர் போட்ட நட்சத்திரங்கள் இருக்கும். படிப்பு கேட்காத சிறு பள்ளி எதுவும் முன்பின் பார்க்காத ஆளுக்கு விமானச் சீட்டு எடுத்துத் தராது. 64 பக்கக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடற்கரைப் படத்துக்கு இடம் இருந்தது.

நான் கம்போடியத் தலைநகர் நோம் பென் போனது என் சேமிப்பில், ‘ஈ’ விசாவில். பெரிய சர்வதேசப் பள்ளிகள் வாசலிலேயே பட்டம் கேட்டன. சின்னப் பள்ளிகளிலும் மாலை நேர மொழி மையங்களிலும் நேரில் போய் நின்றால் பேசினார்கள். மின்னஞ்சலில் அனுப்பிய 30 விண்ணப்பத்துக்கு இரண்டு பதில். நடந்து போய்க் கொடுத்த 11-க்கு நாலு அழைப்பு. ஒன்றில் புகைப்படம் பார்த்துவிட்டு, ‘பெற்றோர் வெள்ளைக்கார ஆசிரியரைத்தான் எதிர்பார்க்கிறார்கள்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது. இணைய விளம்பரங்களில் சுற்றி வளைத்துச் சொல்வதை இவர்களாவது நேராகச் சொன்னார்களே என்றும் தோன்றியது.

மூன்றாவது இடத்தில் ‘டெமோ கிளாஸ்’. நான் கணினியில் 18 ஸ்லைடு தயாரித்து வைத்திருந்தேன். வகுப்பில் புரொஜெக்டர் இல்லை. ஒரு வெள்ளைப்பலகை, பாதி காய்ந்த மார்க்கர், எட்டு ஒன்பது வயதில் 22 பிள்ளைகள், பின்பக்கம் கைகட்டிக்கொண்டு இயக்குநர். ‘இன், ஆன், அண்டர். பதினைந்து நிமிடம்’ என்றார். சில விநாடி கை கால் ஓடவில்லை. ‘இந்த நேரத்தில் மாணவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?’ என்ற சிவப்பு எழுத்துதான் ஞாபகம் வந்தது. வாசலுக்குப் போய், கழற்றி விட்டிருந்த என் செருப்பில் ஒன்றை எடுத்து வந்து நாற்காலி மேல் வைத்தேன். ஒரே கூச்சல். நாற்காலிக்குக் கீழே வைத்தேன். குப்பைக் கூடைக்குள் போட்டேன். ‘வேர் இஸ் த ஷூ?’ என்று நான் கேட்டது இரண்டே முறை. அதன் பிறகு ஒரு வாண்டு வந்து செருப்பைப் பிடுங்கித் தன் நண்பன் தலைமேல் வைத்துக்கொண்டு அவனே கேட்க ஆரம்பித்துவிட்டான். பதினைந்து நிமிடத்தில் நான் பேசியது மூன்று நிமிடம் இருந்தால் அதிகம். இயக்குநர் என் சான்றிதழை வாங்கிப் பார்க்கவே இல்லை. ‘திங்கட்கிழமை வந்துவிடுங்கள்’ என்றார்.

மணிக்கு 8 டாலர், வாரம் 22 மணி நேரம். பக்கத்து வகுப்பு அமெரிக்கருக்கு 12. மணிக் கூலி என்றால் விடுமுறைக்குக் கூலி இல்லை. ஏப்ரல் நடுவில் கம்போடியர்களின் கெமர் புத்தாண்டு, அப்புறம் முன்னோருக்கான ப்சும் பென் பண்டிகை, இந்த இரண்டு மாதமும் கையைக் கடித்தது. இதெல்லாம் கையேட்டில் இருந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

வகுப்பில் எனக்கு ஒரு அனுகூலமும் இருந்தது. கெமர் பிள்ளைகளுக்குச் சொல்லின் கடைசியில் ‘ஸ்’ ஒலி வராது. அவர்கள் மொழியில் அது எழுத்தில் இருந்தாலும் வாயில் ‘ஹ்’ ஆகிவிடும். ஹவுஸ் என்பது பாதியில் கரைந்து போகும், ரைஸும் ஐஸும் வாலறுந்து வரும். அமெரிக்கருக்கு இது ஏன் என்று புரியவில்லை, சத்தம் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தன் மொழியில் இல்லாத ஒலியை வயது வந்த பிறகு பழகுவது என்னவென்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ‘ஏ’, ‘த’ எங்கே போடுவது என்று நானே ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டவள். கெமரிலும் அந்த இரண்டு சொல்லுக்கு ஈடு கிடையாது. இன்னொன்று, அவர்களின் கரும்பலகை எழுத்தை உற்றுப் பார்த்தால் எங்கோ பார்த்த சாயல். பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. பெயர்ப்பலகை படிக்க நான் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டது அந்தத் தைரியத்தில்தான். படிப்பில் ‘தாய்மொழிக்காரர் அல்லாத ஆசிரியர்’ என்று ஒரு பாடம் இருந்தது, ஒன்றரைப் பக்கம், எல்லாம் ஆறுதல் வார்த்தை. இந்த மாதிரி ஒரு அனுகூலத்தைச் சொல்லியிருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்.

இணைய வகுப்பு பற்றியும் கேட்பீர்கள். மாலை வகுப்புக்கு முன்னால் இருக்கும் நேரத்தில் அதையும் செய்தேன். கேம்பிளி, பிரெப்ளி என்று இரண்டு இணையதளங்கள். கேம்பிளி பட்டமும் கேட்பதில்லை, சான்றிதழும் கேட்பதில்லை. நான் செய்தபோது பேசும் நிமிடத்துக்கு 17 சென்ட், மணிக்கு 10 டாலர் 20 சென்ட். பிரெப்ளியில் விலையை நாமே வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு புது மாணவரின் முதல் சோதனை வகுப்புப் பணம் முழுக்க அவர்களுக்கு. அதன் பிறகு 33 சதவீதம் கழிவு, வகுப்பு மணிநேரம் கூடக் கூட 18 சதவீதம் வரை இறங்கும். முதல் மூன்று மாதம் மாணவர் சேருவதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம் நிலைத்து வரும் நாலைந்து பேரே போதும். இந்த இரண்டிலும் விசா பூட்டு இல்லை. என்னைக் கேட்டால், வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் ஆறு மாதம் இதைச் செய்து பாருங்கள் என்பேன். ஆங்கிலம் கற்பிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதே சிலருக்கு அதில் தெரிந்துவிடும்.

சான்றிதழ் கதையை முடிக்கவில்லை. தபாலில் வந்த அட்டையில் என் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாத பெயரில் சான்றிதழ் இருந்தால் நாளைக்கு வேறு நாட்டில் அத்தாட்சி வாங்கும்போது சிக்கல். திருத்தித் தரக் கேட்டேன். மறு அச்சுக்கும் தபாலுக்கும் தனிக் கட்டணமாம். தவறு யாருடையது என்று கேட்டதற்கு ‘புரிகிறது டியர்’ என்று பதில். இன்றுவரை அந்த எழுத்து இல்லாமல்தான் இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் போடுகிறேன். அதில் இரண்டு, சிவப்பு மையில் கேள்வி கேட்ட அந்தச் சுருக்கொப்பக்காரருக்கு. அரை, இலக்கணப் பாடத்துக்கு. வேலைவாய்ப்பு உதவிக்குப் போட ஒன்றும் மிஞ்சவில்லை. வேலை விளம்பரத்தில் 120 மணி நேரச் சான்றிதழ் என்ற கட்டத்தில் டிக் போடுவதற்கு மட்டும் ஒன்று வேண்டும் என்றால் வாங்கலாம், மனிதர் திருத்தும் பாடத்திட்டப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு, விலை மாறியிருக்கிறதா பார்க்கலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சலுகை முடிய இன்னும் 3 மணி 12 நிமிடம்.